அக்கரையில் கட்டப்போகும் வள்ளம்

அன்பு மகனுக்கு,

உன் கலியாணத்துக்கு வாசலில் வாழைமரம் கட்டுவதற்கு முதல் இதை எழுதி முடித்துவிட வேண்டும் என்று குந்தியிருக்கிறேன். நேரே சொல்லலாம்தான். சொன்னால் நீ சிரிப்பாய், உன் அப்பாவும் சேர்ந்து சிரிப்பார், நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விடுவேன். எழுதினால் குறுக்கே கதைக்க ஆளில்லை. இதைப் பேப்பருக்குக் கொடுக்கப்போகிறேன் என்று சொன்னதற்கு உன் அப்பா, "ஊர் முழுக்க உன்ரை எரிச்சலை வாசிக்கப்போகுது" என்றார். வாசிக்கட்டும். கலியாண வயதில் ஆண்பிள்ளை வைத்திருக்கிற வீடுகளில் இந்த எரிச்சல் இருக்கிறது, வாய்விட்டுச் சொல்கிறவள் நான் ஒருத்திதான். ஓம், எனக்குப் பொறாமை. இந்தக் கடல்நீரேரிக்கு அக்கரையில் இருக்கிற, உனக்கு மாமியாக வரப்போகிற புவனேசில் பொறாமை. அவவின் தேங்காய்ப்பால் சொதியில் பொறாமை, அவ கதைக்கிற விதத்தில் பொறாமை, இப்போது அவவின் வீட்டு வாசலில் நீ இறக்கி வைத்திருக்கிற மரக்குற்றியிலும் பொறாமை.

நீ வள்ளத்தில் ஏற்றிப் போகிற உல்லாசப் பயணிகளுக்கு இந்தத் தண்ணீரின் சரித்திரத்தைச் சொல்வதை நான் கரையில் நின்று கேட்டிருக்கிறேன். நீ எப்போதும் சண்டைக் காலத்திலிருந்துதான் தொடங்குகிறாய். அதற்கு முன்பும் இதைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள், மோனை. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் ரீச்சர் எங்களைக் கேரதீவுக்குக் கூட்டிக்கொண்டு போய், பஸ்ஸையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் ஊர்ந்து போகிற அந்தத் தட்டை மிதவையில் ஏற்றினார். அக்கரையில் சங்குப்பிட்டியில் இறங்கினோம், வாழையிலையில் கட்டிக்கொண்டு போன புட்டைத் தின்றோம், காலை நனைத்தோம், திரும்பி வந்தோம். அவ்வளவுதான் சுற்றுலா. அதை ஒரு வருடமாகக் கதைத்தோம். இரண்டொரு வெள்ளைக்காரரும் பைனாகுலரைக் கழுத்தில் தூக்கிக்கொண்டு வருவார்கள். குருவி பார்க்க இவ்வளவு தூரம் வருகிறார்களே, இவர்களுக்கு வீட்டில் வேலைவெட்டி இல்லையா என்று என் அம்மா கேட்பா. நீ பூநாரை காட்டிப் பிழைக்கிறாய் என்று தெரிந்தால் அவ என்ன சொல்லியிருப்பாவோ.

அதற்குச் சில வருடம் கழித்து உன் அப்பா இங்கே வந்தார். இந்த வீடும் வளவும் என் சீதனம், உனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு, ஆண்பிள்ளை தன் உடுப்பைப் பெட்டியில் போட்டுக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். உன் அப்பாவும் பருத்தித்துறையிலிருந்து அப்படித்தான் வந்தார். வந்த பிறகு அவருடைய அம்மா பஸ்காரரிடம் கருவாட்டுப் பார்சல் கொடுத்து அனுப்புவா. பார்சலில் மகனின் பெயர் மட்டும் இருக்கும், என் பெயர் இருக்காது. அதுவும் ஒரு கிழமைக்கு, ஏழே நாளுக்கு, மட்டும் காணுகிற அளவில் இருக்கும். கொஞ்சம் கூடுதலாக அனுப்பினால் என்ன, கை தேய்ந்துவிடுமா என்று நான் உன் அப்பாவிடம் நொடிப்பேன். கருவாடு முடிந்ததும் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பருத்தித்துறைக்குப் போய்விடுவார், பொழுதுபடத்தான் வருவார். கருவாட்டுக்காகவா ஒரு மனிதன் இவ்வளவு தூரம் மிதிக்கிறான் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. சிரித்தேன். என் மாமியின் அந்தப் பார்சலைப் பற்றிப் பிறகும் சொல்ல இருக்கிறது.

பிறகு சண்டை வந்து இந்தத் தண்ணீர் எல்லையாகிவிட்டது. இக்கரை ஒருவர் கையில், அக்கரை இன்னொருவர் கையில், நடுவில் கடற்படை. இடம்பெயர்ந்து போகிறவர்கள் எல்லாரும் இதைக் கடந்துதான் வன்னிக்குப் போனார்கள், நாங்களும் போனோம். அந்தப் பயணத்தை நீ வந்தவர்களுக்கு எப்படிச் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியும். இருட்டு, எஞ்சின் சத்தம், தூரத்தில் வெடி, அக்கரையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பிள்ளைகளை வாங்கி இறக்கிய இளம்பெண்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி புவனேஸ். அதைச் சொல்லிவிட்டு, "அப்படி வாங்கின ஒரு குழந்தை நான்தான்" என்று சொல்வாய். வெள்ளைக்காரப் பெண்கள் மூக்கை உறிஞ்சுவார்கள். கனடாவிலிருந்து வந்த எங்கள் சனம் வாய்விட்டே அழும். இந்தக் கதையை உனக்குத் தந்தது புவனேஸ். நான் உனக்குத் தந்த கதை என்ன? கேட்டபோதெல்லாம், "வள்ளத்திலை எனக்குச் சத்தி வந்தது, வேறை ஒண்டும் ஞாபகமில்லை" என்று சொன்னேன். அது உண்மைதான், எனக்குச் சத்தி வந்தது, வழி முழுக்க வாந்தி. ஆனால் சத்தியை வைத்துக்கொண்டு ஒரு தாய் என்ன சரித்திரம் சொல்ல முடியும்?

சண்டை முடிந்து பாதை திறந்தபோது தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்தது. கோயில் பார்க்க, கோட்டை பார்க்க, இடிந்த வீடுகளைப் பார்க்கவும்தான். அப்படி வந்த ஒரு பஸ் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பத் தெரியாமல் திரும்பி மணலில் புதைந்தது. அன்றுதான் இந்தத் தொழில் தொடங்கியது, நீ வந்தவர்களுக்கு அதைச் சொல்வதில்லை. இறங்கியவர்கள் எங்கள் பூவரசமரத்து நிழலில் வந்து இருந்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. கரையில் அப்போது ஆமிக் காவலரண் இருந்தது, உன் அப்பா அங்கே போய்க் கையால் சைகை காட்டி அனுமதி கேட்டு, அவர்களுடைய பிள்ளைகளை வள்ளத்தில் ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்தார். நான் வீட்டில் கிடந்த நண்டை, நானே செத்தல் மிளகாய் வறுத்து மில்லில் அரைப்பித்த தூளைப் போட்டு, முருங்கையிலை கிள்ளிப் போட்டு வைத்தேன். ஒரு தாய் கையை நக்கிக்கொண்டே "ஹரி ரசய்" என்றாள். நல்ல ருசி என்று சொன்னாளாம். நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன். சண்டைக்குப் பிறகு நான் முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான். அடுத்த வருடம் அவர்களே வேறு ஆட்களைக் கூட்டிக்கொண்டு தேடி வந்தார்கள்.

நீ யாழ்ப்பாணத்தில் ஹோட்டல் படிப்புப் படித்துவிட்டு வந்து, அதைச் சீராக்கினாய். பைபர் வள்ளம் வாங்கினாய், செம்மஞ்சள் மிதவை அங்கி வாங்கினாய், பெயர்ப்பலகை எழுதிப் பூவரசில் ஆணி அடித்தாய். பூநாரைகள் நிற்கிற இடத்துக்கு எட்டத்திலேயே எஞ்சினை நிற்பாட்டிக் கோலை ஊன்றித் தள்ளிப் போகிறாயே, அது எனக்குப் பிடிக்கும். அதை விட்டுவிடாதே. பறக்கிறபோது படம் எடுக்க வேண்டும் என்று ஆட்கள் கைதட்டச் சொல்வார்கள், காசு கூடத் தருவார்கள். தட்டாதே. அவையும் எங்கள் வீட்டுக்கு வந்தவைதான். வந்தவர்களைத் துரத்திவிட்டு அதைப் படம் பிடிக்கிறவன் நல்லாயிருக்க மாட்டான். இது புத்திமதி. இந்தக் கடிதத்தில் புத்திமதியும் இருக்கும், எரிச்சல்தான் கூட என்றாலும்.

பிறகு கொரோனா, ஒருவரும் வரவில்லை. அது ஓய்ந்ததும் எரிபொருள் இல்லை. வள்ளம் பூவரசின் கீழ் கவிழ்ந்து கிடந்தது. கொஞ்சம் மண்ணெண்ணெய் கிடைத்த அன்று, யாரோ ஒரு குடும்பம் ஆசைப்பட்டுக் கேட்டது என்று அவர்களை ஏற்றிக்கொண்டு போனாய், நடுக்கடலில் எஞ்சின் நின்று காற்று உங்களை அக்கரைக்குத் தள்ளியது. அக்கரையில் புவனேஸ் வந்தவர்களுக்கும் உனக்கும் சோறு போட்டா. அவவின் மகள் மதுரா தண்ணீர் செம்பு கொண்டுவந்து வைத்தாள். அதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். பொழுதுபட்டு நீ வீட்டுக்கு வந்ததும், நான் பயந்து வாசலிலேயே நின்றதைப் பாராமல், முதல் சொன்னது என்ன? "அம்மா, அந்த அன்ரியின்ரை சொதி உங்கடையை விட நல்லம்." இருபத்தாறு வயதுப் பிள்ளை. உனக்கு என் புத்திமதி: இனி உன் வாழ்க்கையில் ஒரு பெண்ணுக்கு முன்னால் இன்னொரு பெண்ணின் சொதியைப் பற்றிக் கதைக்காதே. மதுராவிடம் என் சொதியைப் புகழாதே, அவளிடம் அவளுடைய அம்மாவின் சொதியைக்கூடப் புகழாதே. மறுநாள் சொதிக்கு இரண்டு தேங்காய் பிழிந்தேன். நீ வழமைபோலத் தின்றுவிட்டு எழும்பிப் போனாய்.

அதற்குப் பிறகு ஆட்கள் திரும்ப வரத் தொடங்க, உன் வள்ளம் அக்கரையில் ஒரு தேத்தண்ணிக்கு நிற்கத் தொடங்கியது. பனங்கட்டியோடு தேத்தண்ணி. பிறகு தேத்தண்ணியோடு புவனேசின் கதை. வந்தவர்கள் போனில் எழுதுகிறதை நீ எனக்கு வாசித்துக் காட்டுவாய். அந்த அம்மாவின் கதையை வாழ்நாளில் மறக்கமாட்டோம், அவவைக் கட்டிப்பிடித்து அழுதோம் என்று பந்தி பந்தியாக எழுதியிருப்பார்கள். கடைசியில் ஒரு வரி, மதியச் சாப்பாடு நன்று. அந்த நன்றுதான் நான். விடியப்புறம் எழும்பி நண்டு உடைத்து, அடுப்புக்கு முன்னால் வெந்து, ஒரு நன்று. உன் அப்பா "அதுவும் நல்ல சொல்லுத்தானே" என்றார். அவருக்கு அன்று நண்டுக்கால் வைக்கவில்லை.

இனி என் மடத்தனத்துக்கு வருகிறேன். நீ மதுராவை விரும்புகிறாய் என்று தெரிந்தபோது நான் மறுக்கவில்லை, பிள்ளை நல்ல பிள்ளை. பேசி முடிக்கப் புவனேஸ் வந்தா. வந்து, வெற்றிலைத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, இந்த முன்விறாந்தையில் நிலத்தில் இருந்துகொண்டு சொன்னா: "அக்கா, ஒளிக்க என்ன இருக்கு. எங்களிட்டைச் சொல்லிக்கொள்ளுற மாதிரி வீடில்லை. பிள்ளை உங்களோடை வந்து இருக்கட்டும். உங்கடை பிள்ளையாய் வைச்சிருங்கோ."

யோசித்துப் பார், மோனை. தானாக வந்து சொன்னா. நான் ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நீ இங்கே, மதுரா இங்கே, வள்ளம் இந்தப் பூவரசில். உன் அப்பா என்னைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். எனக்கு ஊர்தான் முன்னுக்கு வந்தது. வீடில்லாமல் பெண் எடுத்தாள், பெடியனிலை ஏதோ குறை போலை என்று சாவகச்சேரிச் சந்தை வரைக்கும் கதைக்குமே என்று நினைத்தேன். இன்னொன்றும் இருந்தது, அதையும் எழுதுகிறேன். உன்னைக் கதையாலும் சொதியாலும் மயக்கிய அந்த மனுசி, வெறுங்கையோடு வந்து சம்பந்தி ஆகிவிடக் கூடாது, கொஞ்சம் பாடுபட்டு முறியட்டும் என்று நினைத்தேன். "இல்லைத் தங்கச்சி, முறை எண்டு ஒண்டிருக்கு. வீடு கட்டிப்போட்டு நாள் வைப்பம்" என்றேன். புவனேஸ் தலையை ஆட்டிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்து முடித்தா. அந்தத் தேத்தண்ணிக்கு நான் சீனி காணாமல் போட்டிருந்தேன் என்பதும் உண்மை.

அவர்கள் கட்டினார்கள். மலேசியாவில் இருக்கிற மதுராவின் அண்ணை அனுப்பினான், இருந்த காணித்துண்டை ஈடு வைத்தார்கள். சீமெந்து, கதவு, யன்னல் எல்லாம் சாவகச்சேரியில் எடுத்து எங்கள் கரையிலிருந்து உன் வள்ளத்தில்தான் போனது. பூநாரை பார்க்கிற ஆட்கள் இருக்கிற பலகையில் சீமெந்து மூட்டை. மேசன்மாருக்குப் புட்டு அவித்துக் கட்டிக் கொடுத்தவளும் நான்தான். சம்பந்தி வீடு வடிவாக வருகிறது, என் மகனுக்குக் கடற்கரையோடு வீடு என்று எதிர்ப்பட்ட எல்லாருக்கும் சொன்னேன். என் வாயால் கேட்டு, என் கரையால் ஏற்றி, உன்னை அனுப்புகிற வீட்டை நானே கட்டுவித்திருக்கிறேன் என்பது என் மண்டைக்குள் ஏறவேயில்லை. மாப்பிள்ளை போகிறான் என்று தெரியும், அது முறை. ஆனால் பின்னேரங்களில் வந்து போவான், வள்ளம் இங்கேதானே நிற்கும், தொழில் இங்கேதானே என்று ஒரு நினைப்பு.

போன மாதம் வீட்டைப் பார்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனாய். அந்த இடப்பெயர்வுக்குப் பிறகு நான் தண்ணீரால் அக்கரைக்குப் போனது அன்றுதான். வீட்டுக்கு நேரே தண்ணீருக்குள் பெரிய மரக்குற்றிகள் இறக்கிப் பலகை அடித்திருந்தது. "உது என்ன?" என்று கேட்டேன்.

"வள்ளம் கட்டத்தானே அம்மா. கொழும்பு பஸ் எல்லாம் சங்குப்பிட்டிப் பாலத்தாலை இந்தப் பக்கம்தானே வருது. இஞ்சையிருந்து வெளிக்கிட்டால் எல்லாருக்கும் லேசு. சாப்பாட்டையும் இஞ்சையே வைப்பம். நீங்களும் வாங்கோவன், மாமியோடை சேர்ந்து சமைக்கலாம்."

மாமி என்று நீ அவவைச் சொன்னதை நான் முதல்தரம் கேட்டேன். ஓம் என்றேன். புவனேஸ் அப்போது தண்ணீருக்குள் இறங்கி வந்து, நான் வள்ளத்திலிருந்து இறங்கக் கை நீட்டினா. சீலை முழங்காலுக்கு மேல் நனைந்தது. நான் பிடிக்காமல் இறங்கப் பார்த்தேன், வள்ளம் ஆடியது. அவ சிரித்துக்கொண்டு, "கையைத் தாங்கோ அக்கா" என்றா.

இனி அந்தச் சத்திக் கதையின் மிச்சத்தைச் சொல்கிறேன், கேள். எனக்குச் சத்தி மட்டும் ஞாபகமில்லை. அன்று உன் அப்பா எஞ்சினில் நின்றார், நான் உன்னை மடியில் கட்டிக்கொண்டு இருந்தேன். அக்கரை வந்ததும் இருட்டில் ஒரு கை வந்து உன்னை என் மடியிலிருந்து தூக்கியது. நான் குழறிக் கத்தினேன். பிள்ளையைத் தா, பிள்ளையைத் தா என்று. ஒரு பெண் குரல் சொன்னது, "தாறன் அக்கா, முதல் நீங்கள் இறங்குங்கோ." இறங்கினேன். தந்தாள். நீ அவளுடைய தோளில் அழாமல் கிடந்தாய், என் கைக்கு வந்த பிறகுதான் அழுதாய். அதுகூட எனக்கு ஒரு கோபம், அந்த நேரத்திலும். முகத்தைப் பார்க்கவில்லை. புவனேசும் நீயும் அது புவனேஸ்தான் என்று சொல்லத் தொடங்கியபோது, நான் அடித்துச் சொன்னேன், அது வேறு ஒரு பெண், கொஞ்சம் வயதானவள், நான் கண்டேன் என்று. நான் காணவில்லை. அது அவவாக இருக்கலாம். இருக்கக் கூடாது என்று எனக்கு விருப்பம், அவ்வளவுதான். ஆனால் போன மாதம் அந்தக் குரல் "கையைத் தாங்கோ அக்கா" என்றபோது அன்றைய இருட்டுக் குரல்தான் எனக்குக் கேட்டது, கையைக் கொடுத்துவிட்டேன். எழுதிவிட்டேன். வந்தவர்களுக்குச் சொல்லுகிறபோது இதையும் சொல். கை கொடுத்தவளை எல்லாரும் அழுது கும்பிடுகிறார்கள், பிள்ளையைக் கொடுத்தவள் ஒருத்தியும் அங்கே இருந்தாள் என்று சொல்.

அன்று அவ உன்னைத் திருப்பித் தந்தா. இந்தமுறை தரமாட்டா, தரவும் தேவையில்லை, நான் கேட்டு வாங்கிய முறை அது. புவனேசை மதித்து நட. காணியை ஈடு வைத்து உனக்கு வீடு கட்டிய மனுசி, என்னுடைய வீறாப்பால் வந்த ஈடு அது. முதலில் உழைக்கிறதில் அதை மீட்டுக் கொடு. மதுராவிடம் அம்மா இப்படி இப்படி என்று என்னைக் குறை சொல்லலாம், எனக்கு அதில் ஆட்சேபனை இல்லை, கொஞ்சம் குறைத்துச் சொல். எனக்கு முன்னால் மட்டும் புவனேசைப் புகழாதே. திருந்துவேன், கொஞ்சக் காலம் தா.

அங்கே வந்து சமைப்பேனா என்று கேட்டாயே, வரமாட்டேன். ஒரு குசினியில் இரண்டு பேர் நின்றால் சட்டிதான் உடையும். நண்டுக்கறியைப் புவனேசே வைக்கட்டும், நான் பக்குவம் முழுக்க மறைக்காமல் சொல்லிக் கொடுத்துவிட்டேன். மதுரா எழுதி வைத்திருக்கிறாள், கேட்டுப் பார். ஆனால் தூள் என்னுடையதாக இருந்தால்தான் அது அந்தக் கறி. அது அவவுக்கும் தெரியும். அன்று வீடு பார்க்க வந்தபோது மெதுவாகக் கேட்டா, "அக்கா, உங்கடை தூளிலை ஒரு பெரிய ரின் தாறியளே?" என்று. பார்ப்பம் என்றேன்.

பார்த்துவிட்டேன். பெரிய தகர ரின் கிடையாது. கலியாணத்து நாலாம் சடங்கு முடிந்து நீ உடுப்புப் பெட்டியோடு வள்ளத்தில் ஏறுகிறபோது, சின்னப் போத்தில் ஒன்று உன் கையில் தருவேன். மேலே உன் பெயர் எழுதியிருக்கும், வேறு ஒருவருடைய பெயரும் இருக்காது. ஒரு கிழமைக்குத்தான் காணும். உன் அப்பா அதைக் கண்டுவிட்டுத் தன்னுடைய பழைய சைக்கிளை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். பார்சல் கட்டத் தெரிந்த என் மாமியை நினைத்து நான் அன்று சிரித்திருக்கக் கூடாது.

தூள் முடிந்தவுடன் வா. வரும்போது போத்திலைக் கழுவி, நல்லாய் வெயிலில் காயவைத்துக் கொண்டு வா. ஈரம் இருந்தால் தூள் பழுதாகிவிடும்.

உன் அம்மா